ஆள் ஏறினால் உரசும் டயர்

ஜூன் 11, 2013. செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. அன்ஸிக்கு மூக்கொழுகல். காய்ச்சல் இல்லை. நெற்றியையும் கழுத்தையும் தொட்டுப் பார்த்தேன், பிறகு மறுபடியும் நெற்றி.

23, ஞாயிறு: அருமனை. நாத்தனார் பிரீதாவை ஏழாம் மாதத்துக்கு வீட்டுக்கு அழைத்துவர. கொண்டுபோக முறுக்கு, முந்திரிக்கொத்து, நேந்திரன் குலை. பயறு வறுக்கணும். தகர டின் போதாது, பக்கத்து எட்வின் வீட்டில் கேட்கணும்.

வண்டியை நான் ஓட்டுவதாகப் பேச்சு. லைசென்ஸ் கிடைத்தது மார்ச்சில்தான்.

இன்று கருங்கல் சந்தைக்கு நான், மாமி, மாமியின் அக்கா பெரியம்மா, தங்கை சித்தி. திரும்பி வரும்போது கோயில் வளைவில் முன்சக்கரத்தில் கர்ர்ர் என்று ஒரு சத்தம். நேராக ஓடினால் இல்லை. பள்ளத்தில் இறங்கித் திரும்பினால் மறுபடியும்.

மாமி: "ஏட்டி, வண்டிக்க அடியில பூனையா?"

பெரியம்மா பின்னாலிருந்து: "பூனையும் இல்ல ஒண்ணும் இல்ல. உனக்க மருமொவ பிரேக்குன்னு நெனச்சி வேற என்னத்தையோ சவிட்டுதா."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு வரும்வரை இரண்டாம் கியரைத் தாண்டவில்லை.

இரவுச் சோறு போடும்போது மாமி மெதுவாக: "மக்கா, பிள்ளத்தாச்சியக் கூட்டிட்டு வரணும். சத்தம் நிக்கலன்னா வேன் விளிச்சிருவோம். நீ ஒண்ணும் நெனைக்காத."

நினைக்காமல் எப்படி. வேன் வந்தால் அதோடு என் கையில் ஸ்டீரிங் இல்லை. அன்ஸிக்கு முடியாமல் போனால் பழையபடி ஆட்டோவுக்காக வாசலில் நிற்பேன். வேன் வராமல் நான் ஓட்டி, அருமனை இறக்கத்தில் ஏதாவது ஆனால்? அதை எழுதவே வேண்டாம்.


ஜூன் 12, புதன்

மழை விட்டு விட்டு. அன்ஸி தூங்கிய நேரத்தில் குடையோடு ஷெட்டில் குத்துக்காலிட்டு இருந்தேன்.

மட்கார்டின் உள்ளே கறுப்பு பிளாஸ்டிக்கில் தேய்ந்து பளபளவென்று ஒரு பிறை. இரண்டு பக்கமும். ஆக, டயர்தான் உரசுகிறது. பூனை இல்லை, என் பிரேக்கும் இல்லை. அவ்வளவு நிம்மதி!

டயரின் பக்கத்தில்: 205/65 R15 94H. டிரைவர் கதவுக்குள் ஒட்டியிருக்கும் தாளில்: 165/80 R14.

இத்தனை மாதம் தினமும் திறந்து மூடிய கதவு. ஒரு நாளும் படித்ததில்லை.

ஜனவரி லீவில் அவர் போட்டுக்கொடுத்த அலாய் வீல். ஒரு மாத லீவு. அதற்குள் மாமிக்குக் கண் ஆபரேஷன், குளிமுறிக்கு டைல்ஸ், இரண்டு கல்யாணம், கடைசியில் வண்டி. வீல் புதிது. டயர் தேட நேரமில்லை. கூட்டுக்காரரின் பெரிய வண்டியில் கழற்றி வைத்திருந்த நான்கும் 15தான் என்று மாட்டிவிட்டு, காலி வண்டியில் ஒரு சுற்று. மறுநாள் திருவனந்தபுரத்தில் விமானம். அதன்பிறகு வண்டியில் நானும் அன்ஸியும் மட்டும். நாங்கள் இரண்டு பேரும் என்ன கனம்!

அந்த மூன்று எண்களும் எவ்வளவு விசித்திரம். 205 மில்லிமீட்டர், அகலம். 65 நீளமே இல்லை, சதவீதம்: அகலத்தில் இத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம். 15 அங்குலம், வீலின் விட்டம். ஒரே வரியில் மூன்று அளவுமுறை. காலேஜில் எந்தக் கணக்கும் இப்படி முறைத்துக்கொண்டு வரவில்லை.

கதவுத் தாள்: 165இல் 80% = 132. மேலும் கீழும் 264. 14 அங்குலம் 355.6. மொத்தம் 619.6
மாட்டியிருப்பது: 133.25, இரண்டு பக்கம் 266.5, அதோடு 381. மொத்தம் 647.5

கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் உயரம் அதிகம். அகலம் நான்கு.

நம்பிக்கை வராமல் ஸ்டெப்னியை இறக்கினேன். அது இன்னும் பழைய 14. பக்கத்தில் நிறுத்தி, விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கிலை உருவி ஸ்டெப்னி உயரத்துக்கு ஒடித்து, முன்டயரில் வைத்துப் பார்த்தேன். வண்டியின் பாரத்தில் அமுங்கியும் டயர் ஒரு விரல் மேலே நின்றது.

இன்னொன்று. மார்த்தாண்டம் போய்வர மீட்டரில் அவர் ஓட்டிய நாளைவிடக் குறைவாக வருகிறதே என்று ஏப்ரலில் தோன்றியது. மறதி என்று விட்டேன். மறதி இல்லை! சக்கரம் பெரிது, சுற்று குறைவு. முள் 60 காட்டியபோது நான் 62க்கு மேல் போயிருக்கிறேன், பின்சீட்டில் அன்ஸியை வைத்துக்கொண்டு.

185/65 R15 என்றால் 621.5 வருகிறது. இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். விரலை விட்டு எண்ணிச் சரிபார்த்தேன். அன்ஸி எழுந்து வந்து டயரைத் தடவி, "அம்மா, இதுக்கு வாவு வந்துச்சா? காச்சலா?"


ஜூன் 13, வியாழன்

கத்தாரிலிருந்து போன். சொன்னேன்.

"பதினஞ்சுக்குப் பதினஞ்சுதானட்டி. பின்ன எப்படித் தட்டும்? நான் ஓட்டிப் பாத்துதானே போனேன்."

"நீங்க தனியா ஓட்டினிய. பெரியம்மா ஏறல இல்லா."

சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"185ஆ? வீலு பெருசு, டயரு சைக்கிள் டயரு கணக்கா இருக்கும். அந்த வண்டி ரோட்டுல போனா ஆளு திரும்பிப் பாக்கணும்னுல்லா போட்டேன்."

"திரும்புனா உரசுதே."

"நீ கணக்கு டீச்சரு. உனக்க இஷ்டம்."

உனக்க இஷ்டம் என்றால் சம்மதம் இல்லை என்று அர்த்தம். கல்யாணமாகி நான்கு வருடத்தில் கற்றது.

பாவமாகவும் இருந்தது. பதினொரு மாதம் அங்கே கிடந்து, ஆசையாக மாட்டிவிட்டுப் போன டயர். இங்கே நான் ஈர்க்கில் வைத்து அளக்கிறேன்.

பயறு வறுத்தாச்சு. மாவு நாளை.


ஜூன் 15, சனி

மார்த்தாண்டம் டயர் கடை. மாமியும் வந்தாள். அன்ஸி பெரியம்மாவிடம். (கொஞ்சம் இருமினாள். போகலாமா வேண்டாமா என்று படியிலேயே நின்றேன். பெரியம்மா கையால் விரட்டினாள்.)

கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு: "205 கூடுதல்தான் தங்கச்சி. 195 போடும். எல்லாவரும் அதத்தான் போடுதாவ. பாக்கவும் எடுப்பா இருக்கும்."

195/65 R15 = 634.5. நடுவில் ஒன்று. அவருக்கும் பிடிக்கும், உரசவும் உரசாது என்றால் எவ்வளவு நல்லது! ஆசை வந்துவிட்டது. முன்பக்கம் இரண்டையும் மாட்டச் சொன்னேன். ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்து, கடை முன்னால் ஒரு வட்டம். சத்தம் இல்லை.

"நான் சொன்னம்லா," கடைக்காரர்.

காலி வண்டி. ஜனவரியில் அவர் செய்த அதே சோதனை. இறங்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணா, ஆளு ஏத்திப் பாக்கணும்."

"ஆளுக்கு நான் எங்க போவேன்? இஞ்ச நானும் பையனும்தான் இருக்கோம்."

மாமி குடையை விரித்தாள், எதிரே பஸ் ஸ்டாப்புக்குப் போனாள்.

"ஏ பிள்ளேளே, கருங்கல் பஸ்ஸுக்கு நேரம் கெடக்குல்லா. இஞ்ச வந்து வண்டியில ஒரு நிமிசம் இரிங்க."

"எங்க கொண்டு போறிய?" என்றாள் ஒருத்தி.

"எங்கயும் கொண்டு போவல. சும்மா இரிச்சா மதி. எனக்க மொவளக் கூட்டிட்டு வரணும், ஏழாம் மாசம். டயரு தட்டுதான்னு பாக்கதுக்கு."

ஏழாம் மாசம் என்ற சொல் போதுமாக இருந்தது. மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி கையில் பெரிய சக்கை, முழுப் பலா. கீழே வைக்கப் போனாள். மாமி: "சக்கையும் ஏறட்டும். வாழக்கொல இருக்குல்லா, அதுக்குப் பதிலா."

மறுபடியும் வட்டம். வேகத்தடையில் ஏறி இறங்கித் திருப்பினேன். கர்ர்ர். முன்னைவிடச் சன்னம். ஆனால் உண்டு.

"தட்டுது," என்றது பின்சீட், ஒரே குரலில்.

கடைக்காரர் குனிந்து பார்த்து, தலையைச் சொறிந்து, "அது ஓடி ஓடி தன்னால தேஞ்சி செரியாவும்" என்றார். மாமி அவரை ஒரு பார்வை பார்த்தாள். 185 எடுக்கப் போய்விட்டார்.

மாட்டிக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்தது. மூன்று பேரும் போகவில்லை! சக்கைக்காரி: "சத்தம் நிக்குதான்னு தெரியாம எப்படிப் போவ?" நான்கும் மாட்டி முடித்தபின் அவர்களை ஏற்றி வீட்டுக்கே கொண்டுபோய் விட்டோம். வழியில் ஒவ்வொரு வளைவிலும் ஐந்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தோம். ஒன்றும் இல்லை. அடுத்த வளைவு வரை மீன் விலை. திரும்பவும் நிசப்தம்.

இறங்கும்போது சக்கைக்காரி பாதிச் சக்கையை வெட்டிக் கொடுத்தாள். பிரீதாவுக்காம்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை.


ஜூன் 18, செவ்வாய்

புதுப் பயம். பழைய டயரில் 94, புதியதில் 88. குறைத்துவிட்டேனோ? பாரத்துக்கான எண்ணாம். அட்டவணை தேடிப் பார்த்தேன்: 88 என்றால் ஒரு டயருக்கு 560 கிலோ. கதவுத் தாளில் இருப்பதே 85தான். போதும். பெரியம்மா இரண்டு தடவை ஏறினாலும் போதும்.

ஷெட் வாசலில் நின்று பார்த்தேன். உண்மைதான், முன்னைப்போல எடுப்பாக இல்லை. சாதாரண வண்டி. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் என் நான்கு விரலும் போகிறது. மறுபடியும் விட்டுப் பார்த்தேன்.


ஜூன் 21, வெள்ளி

முந்திரிக்கொத்து முடிந்தது. மாமி வேனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சாயங்காலம் போனில் யாரிடமோ: "இல்ல, வண்டி நம்ம வண்டிதான். மருமொவ ஓட்டுவா."

அடுக்களையில் நின்று இரண்டு முந்திரிக்கொத்து தின்றேன்.


ஜூன் 23, ஞாயிறு

சர்ச்சில் முதல் பூசை முடிந்து கிளம்பினோம். தூறல். ரோடு முழுக்க ரப்பர் இலை, ஈரம். பின்னால் மாமி, பெரியம்மா, சித்தி, மடியில் அன்ஸி. முன்சீட்டைப் பிரீதாவுக்கு என்று மாமி காலியாக விட்டாள். டிக்கியில் டின்கள், இரண்டு குலை. ஒவ்வொரு வளைவிலும் காது கொடுத்தேன். சத்தம் இல்லை.

திரும்பி வரும்போது பிரீதா முன்சீட்டில். "மைனி, மெல்லப் போங்க," என்றவள் அருமனை தாண்டியதும் தூங்கிவிட்டாள். இறக்கம், பள்ளம், வலதுபக்கம் கொண்டைஊசியாக ஒரு வளைவு. இதைத்தான் பன்னிரண்டு நாளாகக் கனவில் ஓட்டினேன். திருப்பினேன். பின்சீட்டில் பேச்சு நின்றது. டிக்கியில் காலி டின் உருண்டது. அவ்வளவுதான். பிரீதா கண்ணைத் திறக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து ஐந்து நிமிடத்தில் போன். ஸ்பீக்கரில் போட்டாள் மாமி. அம்மா, தங்கச்சி, அன்ஸி எல்லாரையும் விசாரித்துவிட்டு, கடைசியில், கொஞ்சம் தயங்கி:

"டயரு மாத்திட்டா போல. பெரியம்ம சொன்னா. பாக்க எப்படிம்மா இருக்கு?"

மாமி: "பாக்கதுக்கு ஆருலே எறங்குனா? நாங்க எல்லாவரும் உள்ளல்லா இருந்தோம்."