காலாவதி என்று நினைத்து உடைத்த சீட்டுகள்

என் அன்புக் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்டுத்தான் பல நாள் ஆகிவிட்டது. சுரங்கப்பாதை தோண்டுகிற இடத்தில் டவர் விழுந்துவிட்டது, சரியாக இன்னும் கொஞ்ச நாள் ஆகும், கடிதம் எழுதிக் கொடுத்தால் சாமான் ஏற்றிப் போகிற வண்டியில் போட்டு அனுப்புகிறோம் என்று உங்கள் ஆபீஸில் சொன்னார்கள். அதனால்தான் இத்தனை வருடம் கழித்துப் பேனாவைப் பிடித்திருக்கிறேன், எழுத்து கோழி கிளறினதுபோல் இருந்தால் சிரிக்காதே. அக்கா புது வீட்டுக்குக் குடிபோய்விட்டாள், குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று தினமும் எனக்குப் போன் செய்கிறாள், நான் என்ன பிளம்பரா. அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவருக்கு வாய்ப்பது எல்லாமே லிஃப்ட் ஓடாத கட்டடம்தானே, படியேறித்தான் ஆக வேண்டும். எங்கள் மருந்துக்கடையில் முதலாளியம்மா புதிதாக அலமாரி வாங்கிப் போட்டிருக்கிறார், அடுக்குகிற வேலை முழுக்க என் தலையில்.

நான் விஷயத்துக்கு வராமல் இழுத்தடிக்கிறேன் என்று உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். சொல்லிவிடுகிறேன். டேப்லெட்டில் ஆடுகிற உன் சீட்டு விளையாட்டில் நீ பள்ளிக்கூடத்து நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த பழைய சீட்டுகளை எல்லாம் நான் உடைத்துத் தூளாக்கிவிட்டேன். யாரும் செய்யச் சொல்லவில்லை, கை தவறியும் நடக்கவில்லை. நானேதான், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக, ஒவ்வொன்றாக உடைத்தேன். டவர் வந்ததும் நீ ஆசையாகத் திறந்து பார்த்து அதிர்ந்து போவதற்கு முன்னால் என் வாயாலேயே உனக்குத் தெரியட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

நீ கிளம்பும்போது கேட்டது சின்ன உதவி. அங்கே ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இன்டர்நெட் கிடைக்கும், விளையாட்டில் தினம் தினம் கொடுக்கிற காசு வீணாகப் போய்விடும், நீ ஒரு தடவை திறந்து அன்றைக்குக் கொடுத்த வேலையை முடித்து அந்தக் காசை மட்டும் வாங்கி வைம்மா என்றாய். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்காதே, ஒரே கணக்கில் இரண்டு பேர் நுழைந்தால் ஒருவரை வெளியே தள்ளிவிடும் என்றாய். நானும் முதலில் அப்படித்தான் இருந்தேன். மத்தியானம் கடையில் ஆள் வராத நேரத்தில் டேப்லெட்டைக் கல்லாவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துக்கொண்டு, இன்றைக்கு இத்தனை மந்திரச் சீட்டு போடு, இரண்டு ஆட்டம் ஜெயி என்று அது சொல்வதை எல்லாம் செய்து காசை வாங்கி வைத்தேன். வைத்தேன் என்றால், செலவே செய்யாமல் வைத்தேன். காசு கொடுத்துப் பிரிக்கிற பொட்டலத்தில் என்ன சீட்டு இருக்கும் என்று முன்கூட்டியே தெரியாதாமே, மூடின பொட்டலத்தை எவள் வாங்குவாள். நீ போனில் சிரித்தாய், சும்மா பிரிம்மா, அதுக்குத்தானே காசு என்றாய். பிரித்தேன். அதற்கப்புறம் என் கை சும்மா இருக்கவில்லை. ஒருமுறை ஒரு அம்மாள் டாக்டர் எழுதின மருந்துச் சீட்டோடு காத்துக்கொண்டு நிற்கிறாள், நான் என் ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். என்ன மருந்து எடுத்துக் கொடுக்கிறேன் என்று ஒன்றுக்கு மூன்று தடவை பார்த்துக் கொடுத்தேன், வெட்கமாக இருந்தது. அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

எங்கள் கடையில் மாதக் கடைசியில் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் நீயும் உட்கார்ந்து தேதி பார்த்துக் கொடுத்திருக்கிறாய். தேதி முடிந்த மருந்தை எல்லாம் அலமாரியிலிருந்து இறக்கிக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவோம், அவர்கள் அதற்கு ஈடாக வரவு வைப்பார்கள், அந்த வரவில் புதுச் சரக்கு எடுப்போம். இத்தனை வருடப் பழக்கம் எனக்கு. உன் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டு போனபோது கடைசிப் பக்கங்களில் எல்லாம் மங்கலாகக் கிடந்தன, இந்தப் பருவத்துப் போட்டிகளில் இவை செல்லாது என்று மேலே எழுதியிருந்தது. செல்லாது என்றதும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை கண்ணு. பையன் வேலை மும்முரத்தில் கழிக்காமல் விட்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன். உடைத்தால் தூள் கிடைக்கும், அந்தத் தூளை வைத்து வேண்டிய சீட்டைச் செய்துகொள்ளலாம் என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய். உடைத்தால் கிடைப்பது செய்கிற விலையில் கால்வாசிதான், சில சீட்டுகளைத் திரும்பச் செய்யவே முடியாது என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. கம்பெனி வரவு வைக்கிறதுபோலத்தான் என்று இருந்துவிட்டேன். அந்த நெருப்புக் கழுகு மட்டும் கைக்கு வரவே மாட்டேங்குதும்மா என்று நீ ஒருநாள் அலுத்துக்கொண்டது என் மனதில் இருந்தது. உன் பிறந்த நாளுக்குள் செய்து வைத்துவிட வேண்டும் என்று இருக்கிற தூளை எல்லாம் கொட்டி அதைச் செய்தேன், பளபள என்று பொன் நிறத்தில் இறக்கையை விரித்துக்கொண்டு வந்தது. பெருமை தாங்கவில்லை எனக்கு.

அந்தப் பெருமையில்தான் சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் நீட்டினேன், பாருங்க உங்க பையனுக்கு என்ன பண்ணி வச்சிருக்கேன் என்று. உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவர் டேப்லெட்டை வாங்கினார். கழுகைப் பார்க்கவே இல்லை. போனில் வருகிற அழைப்பை எடுப்பதற்கே தடுமாறுகிறவர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மனிதர், நேராக நீ ஆடுவதற்கென்று சீட்டுகளைப் பொறுக்கிக் கட்டுக் கட்டி வைத்திருக்கிற பக்கத்துக்குப் போய், உன் பழைய கட்டைத் திறந்தார். உள்ளே வெறும் ஓட்டையாக இருந்தது. வாயிற்காவலன் சீட்டுங்க எல்லாம் எங்க என்று கேட்டார். நான் உடைச்சிட்டேன், அதெல்லாம் செல்லாத சீட்டுங்க என்றேன். போட்டியிலதான் செல்லாது, தெரிஞ்சவங்களுக்குள்ள ஆடினா எல்லாம் செல்லும் என்றார். இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். பிறகு சாப்பிட்டுக்கொண்டே எல்லாம் சொன்னார், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

தன் கம்பெனியில் பேசி வாங்கிக் கொடுத்த வேலையை நீ அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டுப் போனதிலிருந்து உங்கள் இருவருக்கும் பேச்சே கிடையாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நடுவில் நின்றுகொண்டு அவன் கேட்டான், இவர் கேட்டார் என்று நானாக இட்டுக்கட்டிச் சொல்லிக்கொண்டும் இருந்தேன். உன் நண்பர்கள் வரிசையில் ஆறாம்மாடி என்று ஒரு பெயர் இருக்கிறதே, யாரோ உன்னோடு படித்த பையன் என்று நினைத்தேன். அது அப்பாவாம். ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போனதும் அவர் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாராம். அது நீங்கதான்னு அவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாமலா, எப்பவும் தோக்கிறவன்கூட வாரா வாரம் வந்து ஆடுவான் என்று என்னையே கேட்டார். பேசிக்கொள்ள மாட்டீர்களாம், ஆட்டம் முடிந்ததும் நல்ல ஆட்டம் என்று ஒரு பொத்தான் இருக்கிறதாம், நீ அழுத்துவாயாம், அவரும் அழுத்துவாராம், அவ்வளவுதானாம். உன் வாயிற்காவலர்களை ஒருமுறைகூட அவரால் தாண்ட முடிந்ததில்லையாம். டவர் விழுந்த இந்த நாட்களில் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்துக் கட்டை மாற்றி அமைத்து வைத்துக்கொண்டு, நீ எப்போது வருவாய் என்று காத்திருந்தாராம். நீங்கள் இரண்டு பேரும் எனக்குக்கூடத் தெரியாமல் காப்பாற்றி வைத்திருந்த ஒன்றை, அலமாரி சுத்தம் செய்கிறேன் என்று நான் போய்க் குப்பையில் போட்டிருக்கிறேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் டீயை வைத்துக்கொண்டு போனில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் தன் சீட்டுகளை உடைத்துக்கொண்டிருக்கிறார். கையைப் பிடித்தேன், பைத்தியமா உங்களுக்கு என்று கத்தினேன். இருக்கறதை அவனுக்கு அனுப்ப முடியுமான்னு பாத்தேன், அதுக்கு வழியே வைக்கல, அவன் ஓட்டைக் கட்டோட வந்து உக்காருவான், நான் மட்டும் முழுக் கட்டோட எதிர்ல உக்காரவா என்றார். எல்லாருக்கும் ஆரம்பத்தில் இனாமாகக் கொடுக்கிற சீட்டுகள் இருக்கின்றனவாம், அவற்றை உடைக்க முடியாதாம், இரண்டு பேரும் அதை வைத்து ஆடிக்கொள்வார்களாம். மொட்டைமாடி மோட்டார் அறையில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அவர் சேர்த்தது கண்ணு அது. உன்னை ஜெயிக்கக் கண்டுபிடித்த அந்த வழியும் அதோடு போயிற்று. நான் ஒருத்தி செய்த தப்புக்கு இரண்டு பேர் சொத்து போய்விட்டது, எனக்கு இதை எந்தக் கணக்கில் வைப்பதென்று தெரியவில்லை.

கோபம் இருந்தால் என்னிடம் காட்டு, அவரிடம் காட்டாதே. அவர்தான் என்னைத் தூண்டிவிட்டார் என்று மட்டும் நினைத்துவிடாதே, அதுதான் எனக்குப் பயம். கழுகை உடைக்கட்டுமா என்று ஒரு கணம் கை போனது, அதிலும் கால்வாசிதான் கிடைக்கும் என்பதால் கையை எடுத்துவிட்டேன். இனி காசு வாங்கி வைப்பதைத் தவிர வேறு எதையும் தொட மாட்டேன், அதுவும் நீ வேண்டாம் என்றால் டேப்லெட்டைத் துணியில் சுற்றி வைத்துவிடுகிறேன். அங்கே தூசியில் வேலை, மூக்கை மூடிக்கொள்ளாமல் உள்ளே இறங்காதே, சம்பளத்தை எல்லாம் இங்கே அனுப்பிவிட்டு நீ வயிற்றைக் கட்டாதே. உனக்கு ஒரு குறையும் வராது, நீ நினைத்தது எல்லாம் நடக்கும், நன்றாக இருப்பாய், அம்மா மனதார வாழ்த்துகிறேன்.

ஒன்றை மறக்காமல் செய். இந்தக் கடிதத்தை எழுதிவிட்டு, நீங்க சொன்னதா என்னங்க எழுதறது என்று வழக்கம்போல் கேட்டேன், நானாகவே எதையாவது எழுதிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போனவர் நின்றார். டவர் வந்ததும் போன் போடச் சொல்லு, உனக்கில்ல, எனக்குப் போடச் சொல்லு, எடுக்கறேன்னு எழுது என்றார். எழுதிவிட்டேன் கண்ணு. இது நான் இட்டுக்கட்டினது இல்லை.

இப்படிக்கு,
உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
அம்மா