வாத்தியின் பட்டியலில் என் மகள்

ஜூன் 4

அன்புள்ள வாத்தி,

நலம். உன் வீட்டிலும் எல்லோரும் நலம்தானே? ஹாஸ்டலில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் கரையேற்றியவன், இப்போது இன்னோர் உதவியும் செய்திருக்கிறாய். நேற்று ஒரே நாளில் என் இணையதளத்துக்கு நானூறு பேர்! போன மாதம் முழுக்க ஆறே பேர், அதிலும் நாலு தடவை நான். உன் தளத்தின் முகப்புப் பக்கத்தில் என் இணைப்பைப் போட்டிருக்கிறாயாமே, பட்டறையில் பக்கத்து லேத்துக்காரர் சொன்னார்.

மகளுக்குப் பதினாறு முடிந்தது. பேச்சு இனி வராது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அவள் எழுப்பும் சத்தங்களைப் பதிவு செய்து, கீழே அர்த்தம் எழுதிப் போடுகிறேன். 'ப்பூ' என்றால் விசிறி. 'ஙா' இரண்டு முறை வந்தால் வயிற்று வலி. எங்கள் காலத்துக்குப் பிறகு அவளைப் பார்த்துக்கொள்பவர்களுக்குப் புரிய வேண்டுமே. இதுவரை நூற்றுப் பன்னிரண்டு.

உன்,
லேத்து

ஜூன் 9

அன்புள்ள லேத்து,

நமக்குள் என்ன நன்றி? நல்லது கண்ணில் பட்டால் நாலு பேருக்குக் காட்டுவேன், அவ்வளவுதான். நிறுத்தாமல் போடு. படமும் சேர். சத்தம் போடும்போது அவள் முகம் எப்படிப் போகிறது என்று பலர் கேட்கிறார்கள்.

அன்புடன்,
வாத்தி

ஜூன் 23

வாத்தி,

நேற்று மகளோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். இரண்டு காலேஜ் பெண்கள் அவளைப் பார்த்து, "ஙா, ஙா" என்றார்கள். அச்சு அசல் அவள் குரல். தன் பாஷை தெரிந்த ஆள் கிடைத்துவிட்டதென்று இவள் துள்ளிவிட்டாள். பாவம், வயிறு வலிக்கிறதாக்கும் என்று ஓடிப்போய் ஒருத்தியின் வயிற்றைத் தடவிக்கொடுத்தாள்.

"ஐயோ, தொடுது பாருடி!" என்று அவள் பின்வாங்கினாள். மற்றவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சும்மாதான் அங்கிள். காமெடி லிஸ்ட்ல பார்த்தோம்" என்றாள்.

அதுவரை கூச்சப்பட்டுத் திறக்காத உன் பக்கத்தைத் திறந்தேன். 'நண்பர்களின் தளங்கள்' என்பதில் தேடினேன், இல்லை. கீழே 'வயிறு குலுங்கச் சிரிக்க' என்பதில் நாங்கள்தான் முதலிடம். பூனைகள் வழுக்கி விழும் தளம் எங்களுக்குக் கீழே.

எடுத்துவிடு. என் பெயரே அங்கே இருக்கக் கூடாது.

ஜூன் 25

அன்புள்ள லேத்து,

தொட்டாற்சிணுங்கியாக இருக்காதே. நண்பர்கள் பட்டியலை எவன் பார்க்கிறான்? அங்கே போட்டிருந்தால் உன் ஆறு பேர் ஆறு பேராகவே இருந்திருப்பார்கள். அவளுக்கென்ன, ஒன்றும் புரியப்போவதில்லை. நீதான் பெரிதுபடுத்துகிறாய்.

அன்புடன்,
வாத்தி

ஜூன் 26

அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. காலையிலிருந்து நல்ல காய்ச்சல். "எங்கடா கண்ணு வலிக்குது?" என்று அவள் அம்மா கேட்டுக் கேட்டு அழுகிறாள். இவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

தளத்தை அழித்துவிட்டேன்.

ஜூலை 2

அன்புள்ள லேத்து,

உன் இணைப்பு திறக்கவில்லை என்று ஒரே புகார். நல்லவேளை, ஒலிகளை எல்லாம் முன்பே இறக்கி வைத்திருந்தேன். என் தளத்திலேயே ஏற்றிவிட்டேன். நீ கேட்டபடி உன் பெயர் இல்லை. அர்த்தங்களையும் எடுத்துவிட்டேன். அது இல்லாமல் கேட்டால்தான் சிரிப்பு வருகிறதாம்.

மகளுக்குக் காய்ச்சல் விட்டதா? தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
வாத்தி