எண்ணாமல் சொன்ன 'சரி'

ஜூன் 4

என் கோபக்காரிக்கு,

போனை எடுப்பதில்லை என்று சத்தியம் செய்தவள் போல இருக்கிறாய். அதனால்தான் பேனாவைப் பிடித்தேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

நம் வாலு எப்படி இருக்கிறாள்? குண்டு துளைத்த புத்தகப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கி வைத்திருக்கிறேன். சுவர் ஓட்டையைக் கொத்தனார் பூசிவிட்டார். பூசிய இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. என்னால் உட்காரவே முடியவில்லை. வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கிறேன். பிஸ்டலை விசாரணைக்கு வாங்கிக்கொண்டார்கள். கை சும்மா சும்மா வெறும் இடுப்பைத் தடவுகிறது.

நீ பயப்படாதே. பிஸ்டல் மேஜையிலிருந்து விழுந்து தானாக வெடித்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அண்ணன் வீட்டில் இருந்தது போதும், கிளம்பி வா.

உன் சப்-இன்ஸ்பெக்டர்

ஜூன் 9

வாலுவின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க மனசில்லை. ஆனாலும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

கதவு படாரென்று சாத்தினால் பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறாள். படம் வரைய மேஜைப் பக்கமே போவதில்லை. "அப்பா இன்னும் சுடுவாராம்மா?" என்று நேற்று கேட்டாள். என்ன சொல்வேன்?

தானாக வெடித்ததா? நாற்காலியில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டே நீங்கள் விசையை இழுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பழுதான பிஸ்டலைக் கொடுத்தது யார் என்று கேட்பார்களே! ஆயுதக் கிடங்கில் அதைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவர் நம் கண்ணாடிக்காரர்தானே? அவர் கதி என்ன? அதைச் சொல்லாமல் என்னைக் கூப்பிட வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரி

ஜூன் 14

கோபக்காரிக்கு,

கண்ணாடிக்காரரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். "ஏன்யா, நல்லா பாத்துதானே குடுத்தேன்?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டேன்.

என் பக்கத்தையும் பாரேன். வேலைக்குச் சேர்ந்தபோது மரப்பிடி போட்ட ரிவால்வர். கீழே விழாமலிருக்கத் தோளிலிருந்து கயிறு தொங்கும். கல்யாணமான வருஷம் குழல் குட்டையான இன்னொரு ரிவால்வர் வந்தது, கயிறு போனது. இரண்டிலும் ஆறே தோட்டா. வேலை முடிந்து வந்து உருளையைத் திறந்து கவிழ்த்தால் ஆறும் நீ நீட்டும் டம்ளரில் விழும். "ஆறு, சரி" என்று நீ எண்ணிச் சொன்ன பிறகுதான் எனக்குக் காபி. திருடர்கள் கையில் நம்மைவிடப் பெரிசாக இருக்கிறது என்று இந்த வருஷம் பிளாஸ்டிக் பிடி வைத்த பிஸ்டலைக் கொடுத்தார்கள். பதின்மூன்று தோட்டா, எல்லாம் ஒரே டப்பாவில். டப்பாவைக் கழற்றினாலும் குழலில் ஏறிய ஒன்று அங்கேயே தங்கிவிடும். மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து அதைத் தனியாக எடுக்கவேண்டும். பதினெட்டு வருஷம் பழகிய கைக்கு இரண்டே நாள் பயிற்சி! கழற்றியதும் காலி என்று கை நம்பிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

உண்மையைச் சொன்னால் என் தோள் நட்சத்திரம் போய்விடும். கொஞ்சம் யோசி.

உன்னவன்

ஜூன் 18

வாலுவின் அப்பாவுக்கு,

இதை எழுத நான்கு காகிதம் கிழித்தேன்.

பிஸ்டல் வந்த முதல் வாரம் தினமும் டப்பாவை என்னிடம்தான் நீட்டினீர்கள். அதன் பக்கவாட்டில் இருக்கும் ஓட்டைகள் வழியாக எண்ணி, "பன்னெண்டுதாங்க இருக்கு" என்பேன். "அட, ஆமா!" என்று மேல்பாகத்தை இழுப்பீர்கள். பதின்மூன்றாவது டம்ளரில் வந்து விழும். பிஸ்டல் வெடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அண்ணனோடு போனில் இருந்தேன். நீங்கள் டப்பாவை நீட்டினீர்கள். நான் எண்ணாமலேயே "சரி" என்றேன்.

இரண்டு கடிதத்திலும் இதை நீங்கள் சொல்லிக்காட்டவே இல்லை. சொல்லியிருந்தால் ஒரு மூச்சு சண்டை போட்டு அழுது தீர்த்திருப்பேன். உங்களைத் திட்டித் திட்டி என்னை மறைத்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது. நம் இரண்டு பேர் தப்புக்கு அந்த மனுஷர் ஏன் வீட்டில் உட்காரவேண்டும்? நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதுவேன்.

உங்கள் வீட்டுக்காரி

ஜூன் 27

என் வீட்டுக்காரிக்கு,

உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் 'சரி'யை அதில் எழுதவில்லை. சோதிக்க வேண்டியது என் வேலை, உன்னுடையது அல்ல. ஒரு நட்சத்திரம் போனது. இனி பழைய பதிவேடுகள் வைக்கும் அறையில் வேலை, இடுப்பில் துப்பாக்கி கிடையாது.

கண்ணாடிக்காரர் நேற்று வேலைக்குத் திரும்பிவிட்டார். விசாரணை முடிந்து வந்த பிஸ்டலை அவரிடம் முறைப்படி ஒப்படைக்கச் சொன்னார்கள். கன்னாபின்னாவென்று திட்டுவார் என்று நினைத்தேன். டப்பாவைக் கழற்றினார், மேல்பாகத்தை இழுத்தார், சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவினார். "நீயும் பாருய்யா" என்றார். குனிந்து பார்த்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை பகல் வண்டியில் வருகிறேன். வாலுவின் புதுப் பையும், கழுவிய டம்ளரும் கொண்டு வருகிறேன். வாசலிலேயே நிற்பேன். என்னை ஏற இறங்கப் பார். "சரி" என்றால் உள்ளே வருகிறேன், இல்லையென்றால் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். பார்க்காமல் மட்டும் சொல்லிவிடாதே.

வாலுவின் அப்பா