அடிக்குரல்

சனிக்கிழமை, இரவு

இன்று சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒத்திகைக்குப் போனால், ரூபன் எனக்குப் பிரியாவிடை திட்டமிட்டு வைத்திருக்கிறான். ஐந்து பேர் பாடும் எங்கள் ஆர் அண்ட் பி என்ற மேற்கத்திய இசைக் குழுவை நடத்துபவன் அவன். அதில் இத்தனை வருடமும் பாட்டை முன்னின்று பாடும் முன்குரல் நான்தான். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு மேல் சுருதி எனக்குத் திரும்பி வரவில்லை.

"அடுத்த கச்சேரியில உங்களுக்குப் பொன்னாடை போர்த்துவம் அக்கா. பிறகு ஆறுதலா இருங்கோ" என்றான்.

"நான் அடிக்குரல் பாடுறன்" என்றேன். எல்லாருக்கும் கீழே, மிகத் தாழ்ந்த சுருதியில் நிற்கும் அந்தக் குரலைப் பாடிய குமார் வேலை மாறி மெல்பேர்னுக்குப் போய்விட்டான். அந்த இடம் இன்னும் காலி.

ரூபன் சிரித்தான். "அது ஆம்பிளையின்ர இடம். சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீ பாட்டைத் தொடங்கு."

என் முன்குரலைச் சுமி எடுத்தாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, நன்றாகவே பாடினாள். நான் தாழ்ந்த சுருதிக்கு இறங்கினேன். இரண்டாவது அடியில் குரல் கரகரத்தது, நிறுத்தவில்லை. கடைசிச் சரணத்தில் மற்றவர்களின் குரலும் என் குரல்மேல் வந்து உட்கார்ந்ததை நெஞ்சில் உணர்ந்தேன்.

பாட்டு முடிந்தது. சுமிதான், "ஒன்ஸ் மோர், அக்கா?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

சுமி அந்த வரிகளைப் பாடியது எனக்கு எவ்வளவு வலித்தது என்று அங்கே காட்டிக்கொள்ளவில்லை. வலிக்கட்டும். மேடையை விட்டு இறங்கமாட்டேன். தொண்டை எரிகிறது, செவ்வாய்க்கிழமை மறுபடி ஒத்திகை, அதற்குள் அந்த இரண்டாவது அடியைச் சரிப்படுத்திவிட வேண்டும்.