சோதனைச் சாவடியில் காத்திருந்த சாம்பல்

காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு எப்போதும் எனக்கு முன்னால் நடந்த என் அண்ணாச்சிக்கு,

போன வாரம் மலைக்குப் போய் வந்தேன். மதினி கொடுத்த சின்னக் கலயத்தில் நீங்களும் கூட வந்தீர்கள்.

பத்திரிகை வேலையாக நாம் முதன்முதலில் அந்தத் தேசியப் பூங்காவுக்குப் போனது நினைவிருக்கிறதா? கோடரி படாத ஆதிக்காடு. மத்தியானத்திலும் உள்ளே சாயங்காலம் போல இருந்தது. தூறல் விழுந்ததும் இருவரும் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டோம். மழையில் கரிசல் மண்ணில் நடக்கிறவர்களின் பழக்கம்.

வனக்காவலர் பதறினார். “சார், முதல்ல ஷூவைப் போடுங்க!”

“எங்க கோவில்பட்டிப் பக்கம் மழையில செருப்போட நடந்தா, செருப்பு அங்கன நிக்கும், ஆளு இங்கன வந்திருவான்” என்றீர்கள். கொஞ்ச நேரத்தில் அலறினீர்கள்: “ஏலே, இங்க மண்ணு ஒட்டல, அட்டைல்லா ஒட்டுது!”

பாசி படர்ந்த அந்தப் பெரிய மரத்தடியில், காலில் ரத்தம் வடிய உட்கார்ந்து சொன்னீர்கள்: “நான் போனா சாம்பலை இங்க கொண்டாந்து போட்டிருலே. நம்மூரு வெயில்ல கிடந்தது போதும்.” நான் சிரித்தேன். வீட்டில் வந்து சொன்னபோது மதினி சிரிக்கவில்லை.

போன வாரம் பூங்காச் சோதனைச் சாவடியில் ஓர் இளம் அதிகாரி. “உள்ளே எதையும் விட்டுட்டு வரக் கூடாது சார். உங்களுக்கு விட்டா நாளைக்கு ஊரே கலயத்தோட வரும்.” அவர் சொன்னது நியாயம். அப்படிக் காத்ததால்தான் அந்தக் காடு இன்னும் நிற்கிறது. உங்களை அவர் மேசையில் வைத்துவிட்டு நான் மட்டும் போனேன்.

மரம் அப்படியே இருக்கிறது அண்ணாச்சி. வந்தவர்களில் ஒருவர் குறைந்தது அதற்குத் தெரியுமா? மழை பிடித்ததும் என் கை தானாக ஷூவைக் கழற்றியது. அட்டை ஏறியது. ‘ஏலே’ என்று கத்தத்தான் ஆளில்லை.

திரும்பும் வழியில் கலயத்தோடு ஆற்றுப்பாலத்தில் நின்றேன். இங்கே கரைத்துவிட்டு, ‘மரத்தடியில் சேர்த்துவிட்டேன்’ என்று மதினியிடம் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? அவராவது நிம்மதியாகத் தூங்குவார். நின்று பார்த்தேன். கை வரவில்லை.

மதினி வாசலிலேயே கேட்டார். “தம்பி, அவியள அங்கன சேத்துட்டியளா?”

பையிலிருந்து கலயத்தை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார். “வெயில் படாம வைக்கணும்” என்று மட்டும் சொல்லி, உள்ளறை மூலைக்குக் கொண்டுபோனார்.

அந்த அறைக்கு மேற்கே ஜன்னல். சாயங்கால வெயில் மூலைவரை வரும். நாளைக்கே வந்து தட்டி கட்டிவிடுகிறேன் அண்ணாச்சி.

நீங்கள் ‘ஏலே’ என்று கூப்பிட்ட
உங்கள் தம்பி