பல் ஆஸ்பத்திரியில் ஓர் இதழ்

மார்ச் 4
இன்றும் வரவேற்பறையைத் துடைக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் பூ ஓவியம்தான் காரணம். கண்ணாடி ஜாடியில் ஏழு வெள்ளைப் பூக்கள், கீழே மேசைமேல் ஒரே ஓர் இதழ். காலண்டர் பூக்கள் எல்லாம் போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைப்பாக நிற்கும். இதை வரைந்தவர் மட்டும் இதழ் விழும்வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இதழின் நிழல் நீலம். அதன்பிறகு நானும் பார்க்கிறேன், வாளியின் நிழல்கூட நீலம்தான்.

மார்ச் 9
கன்னம் வீங்கிய ஒரு பெரியவர் ஓவியத்தில் கிடக்கும் இதழைப் பல் என்று நினைத்துக் காட்டி, "டாக்டர் வீட்டுப் பல்லே விழுந்து கிடக்குது, நம்ம பல்ல எங்க காப்பாத்தப் போறாரு?" என்றார். காத்திருந்த இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

மார்ச் 10
டாக்டர் ஓவியத்தின் முன் வெகுநேரம் நின்றார். "இதழ்னு நமக்குத் தெரியும். வலியோட வர்றவனுக்குத் தெரியுமா?"
"தெரியாது டாக்டர்," என்றாள் வரவேற்பில் இருக்கும் என் அத்தை. அவர் எதைக் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்வாள்.
வெள்ளிக்கிழமை போர்டு எழுதுகிறவர் வந்து இதழை அழிக்கப் போகிறாராம்.

மார்ச் 12
துடைத்த வரவேற்பறையையே மறுபடியும் துடைத்தேன். ஒரு இதழுக்காகவா? ஆமாம், அதுக்குத்தான். யார்கிட்ட போய்ச் சொல்றது? பள்ளிக்கூடத்தை விட்டபிறகு மூன்று பேர் முன்னால் நான் வாயே திறந்ததில்லை.

மார்ச் 14
போர்டுக்காரர் வந்து பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிட்டார். துடைப்பானைப் பிடித்தபடி நான் பேசினேன். நானேதான்.
"இத அழிச்சா... மேல அந்தப் பூவுல ஒரு இதழ் இல்ல. அங்கருந்துதான் விழுந்திருக்கு. அப்புறம் அது ஓட்டைப் பல்லு மாதிரி தெரியும்."
டாக்டர் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு நாற்காலிமேல் ஏறினார். "ஆமா. மேல் வரிசை, இடது பக்கம்."
"அதையும் அடைச்சிடலாமா சார்?" என்றார் போர்டுக்காரர்.
செயற்கைப் பல்லுக்கு நிறம் பார்க்கும் அட்டையை எடுத்துவந்து ஒவ்வொரு இதழோடும் வைத்துப் பார்த்தார் டாக்டர். கடைசியில், "எதுவும் சேரல. மூடுங்க டப்பாவ," என்றார்.

மார்ச் 15
அத்தை: "உனக்கு வாய் இருக்குன்னு இவ்வளவு நாள் யாருமே சொல்லல."

ஏப்ரல் 2
பயப்படும் நோயாளிகளிடம் அது இதழ்தான் என்று எடுத்துச் சொல்வதும் இப்போது என் வேலை. டாக்டர் உத்தரவு. இன்று பதினோரு பேரிடம் சொன்னேன். பன்னிரண்டாவது ஆள் அன்று கன்னம் வீங்கி வந்த பெரியவர், வீக்கம் வடிந்திருந்தது. "எந்தப் பூவுலருந்தும்மா விழுந்துச்சு?" என்றார். பக்கத்தில் கூட்டிப்போய்க் காட்டினேன். நிழலையும் காட்டினேன்.
அத்தை அவரை மூன்று முறை உள்ளே கூப்பிட்டாளாம். எங்கள் இரண்டு பேருக்குமே கேட்கவில்லை.