வால்வில் தொங்கிய பூட்டு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாக இருப்பதாகத்தான் பார்க்க வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானே. அப்பா போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது, எனக்கு இன்னும் அழுகை வரவில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், துணி துவைக்கிறேன், மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிற மாதிரி இருக்கிறது.

போன வாரம் அப்பா வேலை பார்த்த அணை பவர்ஹவுஸிலிருந்து இன்ஜினியர் வந்தார். மெஷினைப் பழுதுபார்க்க உள்ளே இறங்குகிறவர்கள் யாரும் தண்ணீரைத் திறந்துவிடாமல் இருக்க ஆளுக்கொரு பூட்டை வால்வில் போட்டு, கையெழுத்திட்ட அட்டையை மாட்டுவார்கள், மாட்டியவர்தான் எடுக்க வேண்டும், உனக்குத்தான் தெரியுமே. வேலை முடிந்து மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள், அப்பாவுடையது மட்டும் தொங்குகிறதாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படுத்தவர் திங்கட்கிழமை எழுந்திருக்கவில்லையே. அறுக்க உத்தரவு இருக்கு, ஆனா யாருக்கும் கை வரலம்மா என்றார். வீட்டுச் சாவியை வாரம் ஒருமுறை தொலைக்கிற மனுஷன், இந்தப் பூட்டின் சாவியை மட்டும் காக்கிச் சட்டைப் பையில் ஊக்கு குத்தி வைத்திருந்தார், நான் அதோடு சேர்த்தே துவைத்துக் காயப்போட்டிருந்தேன். நானே வந்து திறக்கிறேன் என்றேன்.

முப்பது வருஷம் சாப்பாடு கட்டிக் கொடுத்தும் மெஷின் பக்கம் போனதில்லை, அன்றுதான் போனேன். பூட்டை எடுத்ததும் வால்வைத் திறந்தார்கள், அணைத் தண்ணீர் குழாயில் இறங்கிச் சக்கரத்தைச் சுற்ற, அதே தண்டில் மேலே இருக்கிற ஜெனரேட்டரும் சுற்றியது, காலடியில் தரை அதிர்ந்தது. ஆனாலும் உடனே லைனில் சேர்க்கவில்லை. ஊர் ஊராக ஓடுகிற கரண்டோடு இதன் வேகம் ஒத்துவர வேண்டுமாம், மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவசரப்பட்டா மெஷினே போயிடும் என்றார் ஆபரேட்டர். ஒத்துவந்ததும் சுவிட்சைப் போட்டார், ஒரு சத்தமும் இல்லை. இனி நம் வீட்டு விளக்குக்கும் இதிலிருந்துதான் வரும் என்றார்கள், தலையாட்டினேன். அங்கேயாவது அழுதுவிடுவேன் என்று நினைத்தேன், வரவில்லை.

வீட்டைப் பூட்டிவிட்டு வா, டிக்கெட் போடட்டுமா என்று தினமும் கேட்கிறாய். உன் அக்கறை புரிகிறது. என்னால் இப்போது முடியாதம்மா.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். குழந்தைக்கு இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. அப்பாவின் அட்டையைக் கேட்டு வாங்கி வந்து வாசல் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டியிருக்கிறேன். உள்ளே ஆள் இருக்கிறார், இயக்காதே என்று போட்டிருக்கிறது, கீழே அவர் கையெழுத்து. இங்கே மாட்டியது நான், நானேதான் எடுப்பேன்.

உன் அம்மா